முதலில் குடத்துக்கு இடம்

சமையலறை சிறியது என்ற குறை எல்லா ஊரிலும் உண்டு. கேரளத்தின் கிழக்கு எல்லையில் அதே சிறிய அறைக்குள் தண்ணீரும் விறகும்கூட அடங்க வேண்டும். சதுர அடியை மட்டும் எண்ணாமல், அங்கே நிற்பவரின் கை எட்டும் தூரத்தையும் கால் நடக்கும் தூரத்தையும் அளந்தால் அதே அறையில் இடம் பிறக்கிறது.

பெருமாட்டியில் ஒரு சமையலறையின் அளவைத் தெரிந்துகொள்ள டேப் மட்டும் போதாது. குடங்களையும் எண்ண வேண்டும்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சிப் பக்கத்து எல்லையில் இருக்கிறது இந்த ஊராட்சி. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்கள். தென்னையும் நெல்லும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும், கேரளத்தின் மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை கிழக்கே இந்த மூலைக்கு வருவதற்குள் இளைத்துவிடுகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் வேறு, உலை வைக்கும் நேரம் வேறு. இடைப்பட்ட நேரத்துக்கான தண்ணீர் வீட்டுக்குள் எங்காவது நின்றாக வேண்டும். அந்த 'எங்காவது' பெரும்பாலும் சமையலறைதான்.

ஒரு சின்னக் கணக்கு. 10 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள சமையலறை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 சதுர அடி. நீளமான சுவரை ஒட்டி 2 அடி அகலத்தில் மேடை போட்டால் 20 சதுர அடி போய்விடும். மிச்சம் 40 சதுர அடி தரை. ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். தரையில் ஏறத்தாழ ஒரு சதுர அடியை அடைக்கும். பத்துக் குடம் நிரப்பி வைத்தால் நடமாடும் தரையில் கால் பங்கு போயிற்று. அந்தப் பத்துக் குடத்தில் இருப்பதும் 150 லிட்டர்தான். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர்.

விளம்பரங்களில் வரும் 'மாடுலர் கிச்சன்' படங்களில் குடத்தைப் பார்க்க முடியாது. இழுப்பறை இருக்கும், கண்ணாடிக் கதவு இருக்கும், மூலையைச் சுழற்றி வெளியே எடுக்கும் கம்பித் தட்டுகூட இருக்கும். திறந்தால் தண்ணீர் கொட்டும் குழாய் அவற்றின் எழுதப்படாத நிபந்தனை. அந்த நிபந்தனை பொருந்தாத வீட்டில் திட்டத்தைக் குடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

தண்ணீர் மாறியபோது

பெருமாட்டி ஊராட்சியை உலகம் அறிந்தது பிளாச்சிமடையின் மூலம். 2000-ல் இங்கே கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்றில் நீர் குறைந்துவிட்டது, இருப்பதும் குடிக்கவோ சமைக்கவோ உதவவில்லை என்று சுற்றியுள்ள குடியிருப்புகளின் மக்கள் 2002-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். முன்னணியில் நின்றவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2003-ல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது. 2004-ல் உற்பத்தி நின்றது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் பாதிப்பின் மதிப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணித்தது. அதைப் பார்க்க மயிலம்மா இல்லை. அவர் 2007-ல் காலமாகிவிட்டார்.

எந்த ஊரிலும் கிணற்று நீர் கெட்டால் அதை முதலில் கண்டுகொள்பவர் உலை வைப்பவர்தான். கடின நீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பை இளகவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுப்பு கூடுதல் நேரம் எரியும். பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்புப் படியும். பிறகு வீட்டில் தண்ணீர் தரம் பிரிக்கப்படும்: குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, கழுவ ஒன்று. மூன்று வகைத் தண்ணீருக்கு மூன்று வகைப் பாத்திரம், மூன்று இடம். தண்ணீர்ப் பிரச்சினை இப்படித்தான் இடப் பிரச்சினையாகிறது.

இதற்கு வழியும் அந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. கழுவும் தண்ணீருக்குச் சமையலறைக்குள் வேலை இல்லை. 200 லிட்டர் டிரம் ஒன்று சுமார் 4 சதுர அடியில் நின்றுகொண்டு 13 குடத் தண்ணீரைப் பிடிக்கும். அதைப் பின்வாசலுக்கு வெளியே ஒன்றரை அடி உயரச் செங்கல் மேடையில் ஏற்றி, அடியில் ஒரு குழாய் பொருத்தினால், பாத்திரம் தேய்க்கும் வேலையும் அதன் பின்னாலேயே வெளியே போய்விடும். உள்ளே மிஞ்சுவது குடிக்கவும் சமைக்கவுமான மூன்று, நான்கு குடங்கள். அவற்றைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத் திண்டில் வைத்தால் குனிந்து தூக்கும் வேலை குறையும். திண்டின் அடிப்பகுதி வெங்காயக் கூடைக்கு உதவும்.

இரண்டு எச்சரிக்கை. நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். பரணிலோ பலகையிலோ ஏற்றக்கூடாது. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்; மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காகிதத்தில் 26 சதுர அடி

சமையலறைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு அரசு ஆவணங்களில் பதில் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது. வருவாய் குறைந்தவர்களுக்கான வீடுகள் என்று வரும்போது தர நிர்ணயம் இறங்கி வருகிறது. தனி அறை இல்லாமல் சமையலுக்கு ஒதுக்கும் மூலைக்கு 2.4 சதுர மீட்டர் போதும். சுமார் 26 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம்.

2016-ல் தொடங்கிய கிராமப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வீட்டின் குறைந்தபட்ச அளவை 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக உயர்த்தியது. சுகாதாரமான சமையல் இடமும் அதற்குள் அடக்கம் என்று சொன்னது. கேரளத்தின் லைஃப் மிஷன் வீடுகள் சுமார் 400 சதுர அடி. மும்பையில் 1995-ல் தொடங்கிய குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டத்தின் ஆரம்ப கால வீடு 225 சதுர அடி. எந்த ஊரானாலும் நடப்பது ஒன்றுதான். முதலில் படுக்கும் அறை, பிறகு முன்னறை, பிறகு குளியலறை. கோடு போட்ட பிறகு மிஞ்சுவது சமையலறை.

ஆனால் கிராமத் திட்டத்திலும் லைஃப் மிஷனிலும் சொந்த மனையில் கட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பணம் தவணையாக வருகிறது, வீட்டைக் கட்டிக்கொள்வது குடும்பம். மேடையின் உயரம், ஜன்னல் இருக்கும் இடம், பின்வாசல் திறக்கும் பக்கம், சுவரில் விடும் மாடம் எல்லாவற்றையும் அஸ்திவாரம் போடும் நாளிலேயே முடிவு செய்யலாம். அன்றைக்கு அதற்குப் பெரிய செலவில்லை. சுவர் எழும்பி, பூச்சு முடிந்த பிறகு அதே மாற்றத்துக்கு இடிக்க வேண்டும், கொத்தனாருக்குத் தனிக் கூலி தர வேண்டும்.

ரயில் பெட்டி தந்த பாடம்

சிறிய சமையலறையை ஒரு தொழிற்கூடம் போல ஆராய்ந்த முதல் முயற்சிகளில் புகழ்பெற்றது ஜெர்மனியில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அவற்றுக்கான சமையலறையை 1926-ல் வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் சுமார் 70 சதுர அடி.

அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ரயிலின் உணவுப் பெட்டி. ஓடும் ரயிலில் ஒரு குறுகலான சமையற்கட்டு அத்தனை பயணிகளுக்கும் சமைத்துப் போடுகிறது என்றால் அங்கே எதுவும் தற்செயலாக வைக்கப்பட்டிருக்காது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வருகிறது, அதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று அளந்து, அந்த வரிசையிலேயே மேடையையும் தொட்டியையும் அடுப்பையும் வைத்தார். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை எல்லாம் அந்த அறைக்குள் அடங்கின. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது.

குறையும் இல்லாமல் இல்லை. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் இடிக்கும். குழந்தை முன்னறையில் என்ன செய்கிறது என்று தெரியாது. சமைப்பவரைத் தனியாகப் பூட்டிவைத்த அறை என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. தேங்காய் துருவ ஒருவர், கீரை ஆய ஒருவர், அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று வேலை நடக்கும் நம் வீடுகளுக்கு அந்த அறை அப்படியே பொருந்தாது. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எடுப்பது, கழுவுவது, நறுக்குவது, வேகவைப்பது, பரிமாறுவது. இந்த ஐந்தும் இதே ஒழுங்கில் ஒரே பக்கமாக நகர்ந்தால் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் குடம் அடுப்பிலிருந்து 8 அடி தள்ளி இருக்கிறது, ஒரு நாளில் 50 முறை போய்வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 800 அடி. ஒரு வருஷத்துக்குச் சுமார் 90 கிலோமீட்டர். குடத்தை நாலு அடி நகர்த்தினால் அதில் பாதி மிச்சம்.

பரணும் உறியும்

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. பழைய ஓட்டு வீட்டின் அடுப்படியைக் கவனித்தால், தரையை விட்டுவிட்டு உயரத்தைப் பயன்படுத்தும் தந்திரம் அதில் முழுக்க இருந்தது. பெரிய பானையின் மேல் சின்னப் பானை, அதன் மேல் இன்னும் சின்னது என்று அடுக்குப் பானை ஒரு சதுர அடியில் ஒரு மாத மளிகையைச் சுமந்தது. மோரும் நெய்யும் உறியில் தொங்கின. எறும்பும் பூனையும் எட்டாது. விளக்குக்கும் தீப்பெட்டிக்கும் சுவரிலேயே மாடம். முறமும் சல்லடையும் ஆணியில். வருஷத்துக்கு நாலு முறை எடுக்கும் அண்டாவும் உருளியும் பரணில். தாளிக்க வேண்டியது அத்தனையும் ஒரே மூடிக்குள் அஞ்சறைப் பெட்டியில்.

இதற்குள் இருக்கும் விதி எளிது. தினம் பலமுறை எடுப்பது கை நீட்டினால் கிடைக்க வேண்டும். தினம் ஒருமுறை எடுப்பது குனிந்தோ நிமிர்ந்தோ எட்ட வேண்டும். மாதம் ஒருமுறை எடுப்பது ஏணி போட்டு எடுக்கும் இடத்தில் இருக்கலாம். பல வீடுகளில் இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. கல்யாணச் சீராக வந்த டின்னர் செட் கண்ணுக்கு நேராக நிற்கிறது. தினம் மூன்று வேளை வேலை செய்யும் குக்கர் மேடைக்கு அடியில், மூன்று பாத்திரங்களுக்குப் பின்னால் கிடக்கிறது.

பழைய அடுப்படியில் தரையும் வேலை செய்யும் இடமாக இருந்தது. அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், துருவல் பலகை நான்கும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கானவை. அடுப்பு மேடைக்கு ஏறியபோது எல்லா வேலையும் கூடவே ஏறிவிட்டது. மேடையின் அகலம் மட்டும் அதே 2 அடி. 1955-ல் கோயமுத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய மாவரைக்கும் இயந்திரம் ஆட்டுக்கல்லுக்கு ஓய்வு கொடுத்தது. மேஜைக் கிரைண்டராகச் சுருங்கிய பிறகும் அது மேடையில் ஒன்றேகால் அடியைப் பிடித்துக்கொள்கிறது. வாரம் இரண்டு முறை மாவரைக்கும் வீட்டில் அதற்கு நிரந்தரமாக மேடையில் இடம் தர வேண்டியதில்லை. சக்கரம் வைத்த சின்ன ஸ்டாண்டில் ஏற்றி மேடைக்கு அடியில் தள்ளிவிடலாம். நறுக்கும் வேலையை உட்கார்ந்தே செய்து பழகியவர்கள் அரிவாள்மணையைக் கைவிட வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் மேடையில் இரண்டு அடியை மிச்சப்படுத்துகிறார்கள்.

முழங்கைதான் அளவுகோல்

மேடையின் உயரத்தைக் கொத்தனார் தன் உயரத்துக்குப் போட்டுவிட்டுப் போகிறார். அங்கே இருபது வருஷம் நிற்கப்போகிறவர் அவரைவிட அரை அடி குள்ளமாக இருக்கலாம். உயரமான மேடையில் தோள் வலிக்கும், தாழ்வான மேடையில் இடுப்பு வலிக்கும். நேராக நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அங்குலம் கழித்தால் வருவதுதான் அவருக்கு ஏற்ற மேடை. காஸ் அடுப்பும் அதன் மேல் பாத்திரமும் ஏறும்போது உயரம் கூடிவிடுவதால், அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 3 அல்லது 4 அங்குலம் தாழ்த்திப் போடலாம். ஏற்கெனவே போட்ட மேடை உயரமாக இருந்தால் உடைக்க வேண்டாம்; நிற்கும் இடத்தில் வழுக்காத அகலமான மரப்பலகை போதும்.

அடுத்தது அலமாரி. கடப்பா கல்லில் ஒரு அடி அகலத்துக்குத் தட்டு போடுவது வழக்கம். அந்த அகலத்தில் டப்பாக்கள் இரண்டு வரிசையாக நிற்கும். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும். கடுகு இருக்கும்போதே இன்னொரு பாக்கெட் கடுகு வாங்குவது இதனால்தான். அதற்குப் பதில் 6 முதல் 8 அங்குல அகலத்தில் இரண்டு தட்டு போட்டால் எல்லாம் ஒரே வரிசை, எல்லாம் கண் முன்னால். 10 அடிச் சுவரில் அடுப்புக்கு மேலுள்ள இரண்டரை அடியை விட்டுவிட்டாலும் இரண்டு தட்டிலும் சேர்த்து 15 அடி கிடைக்கும். 5 அங்குல டப்பா 36 வைக்கலாம். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மளிகைக்கு அது தாராளம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்னொரு வழி. 9 அங்குலச் செங்கல் சுவரில் பாதிக் கனத்தை விட்டுக் கட்டினால் நாலரை அங்குல ஆழத்தில் மாடம் கிடைக்கும். எண்ணெய்ப் பாட்டிலும் உப்பு ஜாடியும் நிற்க அது போதும். அறையின் அகலத்தில் ஒரு அங்குலம்கூடக் குறையாது. கேரளத்தை வீடாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தன் வீடுகளில் இருக்கைகளையும் அலமாரிகளையும் சுவரோடு சேர்த்தே கட்டியவர். காற்றும் வெளிச்சமும் வரச் செங்கல் ஜாலி வைத்தவர். அவர் கையாண்டது பெரும்பாலும் ஊர்க் கொத்தனாருக்குத் தெரிந்த வேலைதான். கேட்டால் யாரும் செய்து தருவார்கள். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

மலையில் வேறு கணக்கு

பெருமாட்டியிலிருந்து தெற்கே இடுக்கி மலைக்கு ஏறினால் தண்ணீர்க் குடத்தின் இடத்தை விறகு பிடித்துக்கொள்கிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வாழ்கிறார்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்த வீடு பெரும்பாலும் லயத்தில் ஒரு பகுதி: ஓர் அறை, பின்னால் ஒரு சமையலறை. இரு பக்கச் சுவரும் அண்டை வீட்டுக்கும் பொது என்பதால் ஜன்னலுக்கு முன்னும் பின்னும் தவிர வழியில்லை. இலங்கை மலையகத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறை என்றால் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. இதுவும் அதே வம்சம்.

மழைக்காலத்தில் இங்கே எதையும் உலர்ந்த நிலையில் வைத்திருப்பதே வேலை. உப்பு நீர்க்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும், அரிசியில் பூஞ்சை வாசம் ஏறும். அந்தக் காலத்தில் இதற்கு விடை அடுப்புக்கு மேலே இருந்த பரண். ஈர விறகு அதன் சூட்டில் காய்ந்தது. விதையும் கருவாடும் புகையில் கெடாமல் இருந்தன. காஸ் வந்தபோது புகை போனது. அது கண்ணுக்கும் நெஞ்சுக்கும் பெரிய நிம்மதி. கூடவே வீட்டின் உலர்ந்த மூலையும் போய்விட்டது. காஸ் அடுப்புக்கு மேல் பரண் வைப்பது ஆபத்து. எனவே இறுக்கமான மூடியுள்ள டின்கள்தான் பரணின் இடத்தை நிரப்ப வேண்டும். அரிசி டிரம் வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்ந்த பலகையில் நிற்க வேண்டும். குளிருக்காக விறகடுப்பையும் விட மனமில்லாத வீடுகளில், அதைப் பின்வாசல் தாழ்வாரத்துக்கு நகர்த்தி விறகையும் அங்கேயே சுவரோடு அடுக்கினால் உள்ளே ஒரு ஆள் நடமாடும் இடம் திரும்பக் கிடைக்கும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். வீடு நிற்கும் மண் பத்திரமில்லை என்றால் தட்டும் அலமாரியும் பேசிப் பயனில்லை. இருக்கும் இடத்தைச் சீர்செய்து கொள்ளும் திறமையைக் காரணம் காட்டி, வேண்டிய இடத்தைத் தராமல் இருப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

அடுப்புக்கு ஓய்வு

இடத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி, அடுப்பு வேலை செய்யும் நேரத்தைக் குறைப்பது. இதற்குப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் புகை குறைந்த 'பரிஷத் அடுப்பை'யும் 'சூடாறாப் பெட்டி'யையும் கேரள வீடுகளில் பரப்பியது. அதன் கிராமத் தொழில்நுட்ப மையம் பாலக்காடு அருகே முண்டூரில் இருக்கிறது.

சூடாறாப் பெட்டி என்பது தெர்மோகோல் போன்ற, சூட்டைக் கடத்தாத பொருளால் ஆன பெட்டி. அரிசியைக் கொதிக்கவிட்டுச் சில நிமிடம் கழித்து, பாத்திரத்தை மூடியோடு அதற்குள் இறக்கி மூடிவிட்டால், உள்ளே அடங்கிய சூட்டிலேயே சோறு வெந்துவிடும். காஸ் மிச்சம் என்பதற்காகவே அதிகம் பேசப்பட்டது. ஒரே ஒரு அடுப்பு உள்ள வீட்டுக்கு வேறு லாபமும் இருக்கிறது: சோறு பெட்டிக்குப் போன பிறகு அடுப்பு குழம்புக்குக் காலி. பெட்டி சமையலறையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முன்னறை பெஞ்சின் அடியில் தள்ளினாலும் சோறு வேகும். குக்கருக்குள் தட்டு அடுக்கி அரிசி, பருப்பு, காய் மூன்றையும் ஒரே நெருப்பில் வேகவைப்பதும் இதே வகை. அடுப்பு ஒன்று கூடாமல், மேடை நீளாமல், சமையல் முடிகிறது.

கோடு போடுவது யார்?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2019-ன் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் புழங்கும் இடத்தின் வரைபடத்தை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே அந்தப் பக்கம் வருபவர் பெரும்பாலும் தீர்மானிக்கிறார். 2021-ல் வெளிவந்து தமிழிலும் மறு ஆக்கம் செய்யப்பட்ட 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தில், ஒழுகும் தொட்டிக் குழாயைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பல வீட்டுப் பெண்களுக்கு அது சினிமாவாகத் தெரியவில்லை.

கட்டி முடித்த வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுத்து வைத்து, தினம் தொடுவது, வாரம் தொடுவது, வருஷம் தொடுவது என்று மூன்றாகப் பிரிக்கலாம். எதை எங்கே வைப்பது என்று சமைப்பவர் சொல்ல, தூக்கி வைக்கும் வேலையை மற்றவர்கள் செய்யலாம். மூன்றாவது குவியலின் அளவு வீட்டிலுள்ள எல்லாரையும் ஆச்சரியப்படுத்தும்.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு வழி இன்னும் சுலபம். மனையில் கயிறு பிடிக்கும் முன், கோலமாவால் சமையலறையை நிஜ அளவில் தரையில் வரையலாம். மேடைக்கு ஒரு கோடு, அடுப்புக்கு ஒரு கட்டம், சிலிண்டருக்கு ஒரு வட்டம். பிறகு வீட்டிலிருக்கும் குடங்களை அத்தனையும் கொண்டுவந்து அந்தக் கட்டத்துக்குள் வைத்து, சமைப்பவர் நடுவில் நின்று ஒரு வேளைச் சமையலை வெறுங்கையால் செய்து பார்க்கலாம். எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கோலமாவை அழித்துத் திரும்பப் போட ஒரு நிமிடம் ஆகும்.

கைக்கு எட்டும் கணக்கு

மேடை உயரம்: தரையிலிருந்து முழங்கை வரையுள்ள அளவில் 4 அங்குலம் குறைவு. 5 அடி உயரமுள்ளவருக்கு 32 முதல் 33 அங்குலம்.

காலி மேடை: கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே குறைந்தது 2 அடி. எதையும் நிரந்தரமாக வைக்கக்கூடாத இடம் இதுதான்.

தட்டு: மேடைக்கு மேல் ஒன்றரை அடி விட்டு முதல் தட்டு. தினம் எடுக்கும் பொருள் 6 அடி உயரத்தைத் தாண்டக்கூடாது. அடுப்புக்கு நேர் மேலே தட்டு வேண்டாம். எட்டி எடுக்கும்போது சேலையில் தீ பிடிக்கும்.

காஸ் சிலிண்டர்: நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே மூடிய அலமாரிக்குள் வைக்கக்கூடாது; தரையை ஒட்டிக் காற்றுப் போக ஒரு திறப்பு வேண்டும். ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ரேஷன் அரிசி: அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ தானியம். அதற்கு 45 முதல் 50 லிட்டர் டிரம் ஒன்று போதும். சாக்கோடு வைத்தால் இரு மடங்கு இடம் போகும், எலியும் வரும்.

பிளக் பாயின்ட்: மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மேடைக்கு மேல், தண்ணீர் தெறிக்காத பக்கம். மேடைக்கு அடியில் வைத்தால் ஒயர் காலில் சிக்கும்.